பூசை போய் மாஸ் வந்தது

கொங்கு மண்டலத்துக் கத்தோலிக்க இல்லங்களில் அண்மைக்காலமாக ஒரு புதுப் பெருமை குடிபுகுந்துள்ளது. "எங்க பாப்பாவுக்குத் தமிழ்ல ஜெபம் வராதுங்க, எல்லாமே இங்கிலீஷ்தானுங்க" என்று பெற்றோர் கூறும்போது அவர்தம் முகத்தில் வருத்தம் தெரிவதில்லை, மலர்ச்சியே தெரிகிறது. சூலூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் முதல் நற்கருணை விழாவுக்கென வீட்டார் அச்சிடும் அழைப்பிதழ்களில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லாதவற்றை நாம் கண்டிருக்கிறோம். பேரனின் புகைப்படத்தைத் தவிர வேறெதையும் அதில் அறிந்துகொள்ள இயலாத பாட்டியார், அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசைமேல் வைத்துவிடுகிறார். நம் முன்னோர் ‘பூசை’ என்றனர். பின்னர் ‘திருப்பலி’ என்றோம். இன்று இளையோர் வாயில் அது ‘மாஸ்’. அவர்கள் திரைப்பட நாயகனின் அறிமுகக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அயலார் எண்ணினால் அவர்மீது குற்றமில்லை.

இப்போக்கை நாம் எதிர்க்கிறோம். ஆங்கிலத்தின்மீது கொண்ட காழ்ப்பினால் அன்று. விமானப்படை நிலையத்தில் பணியாற்றும் பிற மாநிலக் குடும்பங்களுக்கு ஆங்கிலத் திருப்பலி தேவை. அதனை மறுப்பது அன்பாகாது. நம் பிள்ளைகளின் பிழைப்புக்கும் ஆங்கிலம் வேண்டும். நம் குறை வேறு. பொன்னகைபோல் சூடிக்கொள்கிற அச்சொற்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இலத்தீன் குடியிருப்பதையும், அவ்விலத்தீன் மிக எளிய மனிதரின் சொல்லாய் இருப்பதையும், அதே எண்ணத்தைத் தமிழ் வேறொரு வழியில் முன்னமே சொல்லியிருப்பதையும் கண்டிருப்போம். அதன்பின் தமிழைக் கண்டு நாணவேண்டிய தேவை எழுந்திராது.

இலத்தீன் நம் மண்ணுக்குப் புதியதன்று. நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமை வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்னரும் அவ்வூரில் புதையல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய பேரரசர்கள் வெளியிட்ட தெனாரியங்கள். ‘வரி கொடுப்பதற்கான நாணயம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்’ என்னும் கருத்துப்பட இயேசு கேட்டபோது அவர் கையில் வைக்கப்பட்டதும் ஒரு தெனாரியமே என்று மத்தேயு நற்செய்தியின் 22-ஆம் அதிகாரத்தால் அறிகிறோம். அது திபேரியுவின் காசாகவே இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்காசின் ஒரு பக்கத்தில் பேரரசரின் உருவமும் பெயரும். மறுபக்கத்தில் ‘பொந்திஃபெக்ஸ் மாக்சிமுஸ்’, அதாவது தலைமைக் குரு என்னும் பட்டத்தின் சுருக்கம். இந்தப் ‘பொந்திஃபெக்ஸ்’ என்னும் சொல்லுக்குப் பாலம் அமைப்பவர் என்று வாரோ என்னும் உரோமைப் புலவரே பொருள் கூறியுள்ளார். பின்னாளில் திருத்தந்தையைக் குறிக்க வழங்கிய அதே சொல், திருச்சபை பிறந்த நூற்றாண்டில் வழங்கிய காசுகளில் பொறிக்கப்பட்டு நம் நொய்யல் கரையை வந்தடைந்திருக்கிறது.

இதில் ஒரு காலக்கணக்கை வாசகர் கருதவேண்டும். ஆங்கில மொழியின் முன்னோரான குடிகள் கடல் கடந்து பிரிட்டானியத் தீவில் குடியேறியது கி.பி. 5-ஆம் நூற்றாண்டில். வெள்ளலூர்க் காசுகள் அடிக்கப்பட்டதோ ஏறத்தாழ 1-ஆம் நூற்றாண்டை ஒட்டி. ஆங்கிலம் இங்கிலாந்தை அடையும் முன்னரே கொங்கு நாட்டு வணிகர் இலத்தீன் எழுத்தைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தனர் என்பது பொருள்.

அதன் பின்னர் அம்மொழி வேறு உருவில் வந்தது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் தெ பிரெசியாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது ஒலித்த சடங்குமொழி இலத்தீனே. 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு மக்கள் மொழிக்குக் கதவு திறக்கும்வரை, பூசை உதவிய சிறுவர்கள் பொருள் தெரியாமலேயே இலத்தீன் மறுமொழிகளை ஒப்புவித்தனர். அந்நிலை மாறியது கண்டு மகிழ்ந்த நாமே இன்று நம் பிள்ளைகளை அதே நிலைக்கு, இம்முறை ஆங்கிலத்தில், மீண்டும் இட்டுச்செல்கிறோம். மொழி மாறியிருக்கிறது, ஒப்புவித்தல் மாறவில்லை.

இனி, நாம் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். கோவை வட்டாரத்தில் ‘மில்’ என்றாலே பஞ்சாலைதான். ஆனால் அச்சொல் ‘மோலா’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. மோலா என்பது திரிகைக்கல். சொல்லின் பிறப்பை நோக்கினால், கோவையின் பெயரை நாடெங்கும் பரப்பிய மாவரைக்கும் கிரைண்டரே உண்மையான மில், பஞ்சாலை அன்று. மோலா என்னும் சொல் அரைத்த மாவையும் குறித்தது. உரோமர் பலிப்பொருளின்மீது உப்பிட்ட மாவைத் தூவி அதனை அர்ப்பணித்தனர். அதிலிருந்தே பலியிடுதலைக் குறிக்கும் ‘இம்மொலேட்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. ஆலைத் தொழிலாளி தன் உடலைத் தேய்த்து உழைத்த நாள்களை நினைப்போர்க்கு இவ்வுறவு வியப்பளிக்காது.

அத்தொழிலாளி தீபாவளிக்கு எதிர்பார்க்கும் ‘போனஸ்’ கலப்பில்லாத இலத்தீன். நல்லது, நல்லவன் என்பதே அதன் பொருள். ‘டெக்ஸ்டைல்’ என்பது நெய்தலைக் குறிக்கும் ‘தெக்ஸெரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. பாடநூலைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்’ என்பதும் அதே வினையின் பிள்ளை. நெய்த துணியும் எழுதிய நூலும் ஒரே செயலின் பயன் என்று உரோமர் கண்டனர். சோமனூரில் பாவு ஓட்டுகிறவருக்கு இதனைக் கற்பிக்க ஆங்கிலப் பள்ளி வேண்டுமா? அவர் தறியில் ஏற்றுவதும் நூல்; அவர் மகள் பள்ளிக்குச் சுமந்து செல்வதும் நூல். கொங்கு நாட்டார் சீனாபுரத்தவர் என்று உரிமை பாராட்டும் பவணந்தி முனிவர், பஞ்சு நூலாவதையும் சொல் நூலாவதையும் ஒப்பிட்டு நன்னூலில் இலக்கணமே வகுத்துவிட்டார்.

‘பஸ்’ என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. ‘ஓம்னிபுஸ்’ என்றால் இலத்தீனில் ‘எல்லாருக்கும்’ என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எல்லாரும் ஏறத்தக்க குதிரை வண்டிக்கு அப்பெயர் வாய்த்தது. ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். ‘பஸ்’ என்பது தனிப்பொருளில்லாத ஒரு வேற்றுமையுருபின் துண்டு. நம் ‘க்கு’ போன்றது. அவர்கள் மறந்த தலையைத் தமிழ்நாடு காப்பாற்றியது. ‘ஆம்னி பஸ்’ என்று நாம் இன்னும் சொல்கிறோம். ஆயினும், எல்லாருக்கும் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய அவ்வண்டி, பண்டிகை நாள்களில் எல்லாரும் ஏற முடியாத கட்டணம் வாங்குகிறது என்பதைச் சிங்காநல்லூர் நிலையத்தில் ஊர்ப் பேருந்துக்குக் காத்து நிற்போர் அறிவர்.

தேர்தலில் நிற்பவரைக் ‘கேண்டிடேட்’ என்கிறோம். வெண்ணிற ஆடை அணிந்தவர் என்பதே அதன் பொருள். பதவி வேண்டிய உரோமர் தம் மேலாடையைச் சுண்ணம் பூசி வெளுத்து அணிந்தனர். வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நம் ஊரில் விளக்கம் வேண்டியதில்லை. ‘கேண்டில்’ என்னும் மெழுகுதிரியும் ஒளிர்தலைக் குறிக்கும் அதே வேரினது. வெள்ளுடை அணிந்து கையில் மெழுகுதிரி ஏந்தி முதல் நற்கருணைக்கு வரும் சிறுமியே, சொல்லின் முழுப்பொருளில், கேண்டிடேட்.

எதிராளியைக் குறிக்கும் ‘ரைவல்’ என்பதையும் பாருங்கள். ‘ரீவுஸ்’ என்பது இலத்தீனில் நீரோடை. ஒரே ஓடை நீரைப் பகிர்ந்துகொள்வோர் ‘ரீவாலிஸ்’. பகிர்ந்துகொள்பவனே பகைவனானான். வாய்க்கால் முறைத்தண்ணீருக்காக இரவில் விளக்கோடு காத்திருந்த உழவர் வழிவந்த நமக்கு இச்சொல் புதிதா? பங்கு உடையவன் பங்காளி. அவனோடுதான் வழக்கும் வரும். உரோமை உழவனும் கொங்கு உழவனும் கண்டறியாமலேயே ஒரே சொல்லைச் செய்திருக்கிறார்கள். இதில் எது உயர்ந்த மொழி, எது தாழ்ந்த மொழி?

ஆங்கிலம் கடன் வாங்கியே வளர்ந்தது. அகராதியிலுள்ள அதன் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ இலத்தீனிலிருந்து பெற்றவை. 597-இல் பெரிய கிரகோரியார் அனுப்பிய துறவியர் கென்ட் நாட்டில் மறையறிவித்தபின், திருவழிபாட்டுச் சொற்களை அந்நாட்டார் உரோமையிடமிருந்து ஏற்றனர். ‘மாஸ்’ என்பதும் அவ்வகையினதே. அதே காலத்தில், இலத்தீன் ‘எவாஞ்செலியும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நற்செய்தி என்று பொருள்படத் தம் சொந்தச் சொற்களைக் கூட்டிக் ‘காஸ்பல்’ என்றனர். இஞ்சியை அவர்கள் ‘ஜிஞ்சர்’ என்பதும் இலத்தீன் வழியே இங்கிருந்து சென்ற சொல்தான். இதனைச் சொன்னவுடன் ஆங்கிலச் சொல் அனைத்தும் தமிழே என்று புறப்படுவோரும் நம்மிடையே உண்டு; அவர்களுக்கு விடை கூறி இக்கட்டுரையை வீணாக்க விரும்பவில்லை. 1578-இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. ஆங்கிலக் கத்தோலிக்கரின் புதிய ஏற்பாடு அவர்கள் தாய்நாட்டில் அச்சேற வழியின்றிப் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் வெளிவந்தது 1582-இல். தமிழில் செபிப்பது நாட்டுப்புறத்து வழக்கம் என்று எண்ணுவோர் இவ்விரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பாராக.

இனி நம் கண்டனத்தின் இரண்டாம் பகுதிக்கு வருகிறோம். அது சற்றுக் கசக்கும். இலத்தீன் வேர்களைச் சொல்லிக் கேட்போரை வியக்கவைப்பது தியான உரைகளிலும் மறையுரைகளிலும் ஒரு வழக்கமாகிவிட்டது. வேர் உண்மையானதாக இருப்பின் நாமும் மகிழ்ந்திருப்போம். ‘சின்சியர்’ என்றால் ‘சீனே சேரா’, அதாவது மெழுகில்லாதது. உரோமைச் சிற்பிகள் வெடிப்பை மெழுகால் மறைத்து விற்றனர். மெழுகிடாத சிலையே சின்சியர் என்கிறார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பழஞ்சான்று ஏதும் இல்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியும் அதனை ஏற்கவில்லை. ‘சின்சேருஸ்’ என்பதற்குத் தூயது, கலப்பற்றது என்பதே பொருள். நேர்மையைப் பற்றிப் பேசுவதற்குப் பொய்க்கதையைத் துணைக்கழைப்பது எத்தகைய நேர்மை? உரோமைப் போர்வீரர் உப்பையே சம்பளமாகப் பெற்றனர் என்பதும் அத்தகையதே. ‘சேலரி’ என்னும் சொல் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதிலிருந்து வந்தது மெய். வீரனுக்கு உப்பை அளந்து கொடுத்ததற்குச் சான்று இல்லை. அகுஸ்துவின் காலத்தில் அவன் ஓராண்டு ஊதியம் 225 தெனாரியம். வெள்ளலூரில் கிடைத்த அதே வகை வெள்ளிக்காசு.

இவற்றை விளையாட்டென்று விட்டுவிடலாம். விடமுடியாத பொய்வேர் ஒன்று உண்டு. ‘கம்யூனியன்’ என்றால் ‘காம்மன் யூனியன்’, பொதுவான ஒன்றிப்பு என்று நம் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. இது பிழை. பிழை மட்டுமன்று, நமக்கு மிக வசதியான பிழை. ஒன்றிப்பு என்பது கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாலே வந்துவிடும் ஓர் இனிய உணர்வாக முடிந்துவிடுகிறது.

கொம்முனியோ என்னும் இலத்தீன் சொல்லின் உள்ளே இருப்பது ‘ஊனுஸ்’ என்னும் ஒன்று அன்று, ‘மூனுஸ்’. மூனுஸ் என்றால் கடமை, பொறுப்பு. கொடை என்றும் பொருள்படும். ஊருக்குச் செய்யவேண்டிய பணி, ஊரார்மேல் விழுந்த சுமை, அவர் மனமுவந்து ஈந்த கொடை யாவும் மூனுஸ். ஊர்க் கடமையை ஏற்பவர் வாழும் நகரம் ‘மூனிசிபியும்’. கருமத்தம்பட்டி நகராட்சியை ஆங்கிலத்தில் எழுதும்போது அச்சொல்லைத்தான் எழுதுகிறோம். கடமையை ஒருவரோடொருவர் சேர்ந்து சுமப்போர் ‘கொம்மூனிஸ்’. வரியினின்றும் ஊர்ப்பணியினின்றும் விலக்குப் பெற்றவன் ‘இம்மூனிஸ்’. கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்ட ‘இம்யூனிட்டி’ இதுவே. ஆகவே கம்யூனியனுக்கு நேர் எதிர்ச்சொல், சொல்லின் பிறப்பின்படி, பிரிவினை அன்று; இம்யூனிட்டி. சுமையில் தோள்கொடுப்பது ஒன்று. ‘எனக்கென்ன’ என்று விலக்குப் பெற்றுக்கொள்வது மற்றொன்று.

நம் பழைய மொழிபெயர்ப்பாளர் இதனை அறிந்திருந்தனர். மூத்தோர் சொன்ன விசுவாசப் பிரமாணத்தில் புனிதர்களின் ‘கொம்முனியோ’வுக்குச் ‘சமுதீதப் பிரயோசனம்’ என்னும் தொடர் இருந்தது. கரடுமுரடான வடமொழித் தொடர்தான். அதனைப் புதுப்பித்து இன்று ‘சமூக உறவு’ என்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அப்பழைய தொடரை வகுத்தவர் சொல்லைப் பிளந்து பார்த்திருக்கிறார். ஒன்றிப்பு என்று எழுதாமல், ஒருவரின் நன்மை எல்லாருக்கும் பயன்படுதல் என்னும் பொருளை வைத்தார். நாமும் பங்கு என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப்பேரவை என்று நாளும் வழங்குகிறோம். இதற்கு ஈடான ‘பாரிஷ்’ என்னும் ஆங்கிலச் சொல், கிரேக்கத்தில் தோன்றி இலத்தீன் வழியே வந்தது. அயலாராய்த் தங்கி வாழ்வோர் என்னும் கருத்தில் பிறந்தது. நம் சொல்லோ பகிர்வைச் சொல்கிறது. மூனுஸ் என்பதற்கு இதைவிட அணுக்கமான தமிழ் எது?

இப்பொருளை நாம் ஏன் மறந்தோம் என்பதற்கு அறியாமையை மட்டும் காரணம் காட்டமுடியாது. வடக்கன்குளத்தில் ஆலயத்தினுள்ளே சாதிக்காக நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைத்திருக்கும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். கம்யூனியன் என்பது காம்மன் யூனியன் என்றால் அச்சுவரோடும் அது ஒத்துப்போகும். நற்கருணை வாங்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு அனைவரும் ஒன்றுதானே என்று கூறி முடித்துவிடலாம். கம்யூனியன் என்பது மூனுஸைச் சேர்ந்து சுமத்தல் என்றால் முடிக்கமுடியாது. அயலவரின் பிணத்தை யார் சுமப்பது, எவ்விடத்தில் புதைப்பது என்னும் கேள்வி அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. பங்கின் விசைத்தறித் தொழிலாளி வேலையிழந்து கிடக்கும் மாதத்தில் அவர் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது. விருந்துக்கு மண்டபம் பிடித்து, கேக் வெட்டி, ஆங்கிலத்தில் அழைப்பிதழ் அச்சிட்டு நடத்துகிற விழாவின் பெயரில் இத்தனையும் அடங்கியிருப்பதை அறியாதிருப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. நற்கருணை பெறுகிறோம், இம்யூனிட்டியில் வாழ்கிறோம்.

‘மாஸ்’ என்னும் சொல்லிலும் இதுவே நிகழ்கிறது. இலத்தீன் பூசையின் இறுதியில் குரு கூறிய ‘இத்தே மிஸ்ஸா எஸ்த்’ என்பது, ‘செல்லுங்கள், அனுப்பப்படுகிறீர்கள்’ என்னும் கருத்துடைய விடைகொடுத்தல். அனுப்புதலைக் குறிக்கும் அவ்வினையே ‘மிஷன்’ என்பதிலும், எய்து அனுப்பப்படும் ‘மிசைல்’ என்பதிலும் இருக்கிறது. இருக்கையில் அமர்ந்து பார்த்துவிட்டு வருவது அச்சொல்லின் பொருளன்று. எழுந்து வெளியே போவது. பொருளறிந்து மாஸ் என்பவரோடு நமக்கு வழக்கில்லை. திரைப்படத்து ‘மாஸ்’ வேறு சொல். பிசைந்த மாவுருண்டையைக் குறிக்கும் ‘மாஸ்ஸா’விலிருந்து வந்தது.

"பிள்ளைகள் பள்ளியில் முழுநாளும் ஆங்கிலம் படிக்கிறார்கள், மறைக்கல்வியைத் தமிழில் நடத்தினால் அவர்களுக்குப் புரிவதில்லை" என்று சிலர் மறுப்பர். உண்மைதான். அதற்குக் காரணம் அப்பிள்ளைகள் அல்லர். வீட்டில் மாலைச்செபம் தமிழில் நின்றபின் புரியாமை வந்தது; புரியாமையைக் காட்டித் தமிழை மேலும் நிறுத்துகிறோம். ஆங்கிலத்தில் அவர்களுக்குப் புரிகிறதா என்பதையும் சோதித்தோர் இலர். ‘காட்டெக்கிசம்’ வகுப்பின் மனப்பாட வினாவிடைகளில் ஒரு சொல்லை நிறுத்தி, ‘இதன் பொருள் என்ன?’ என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான இலத்தீன் நூலில் கொடுந்தமிழுக்கு இலக்கணம் வகுத்த வீரமாமுனிவர், 1732-இல் தமிழர்க்கே சதுரகராதி செய்து கொடுத்தவர். வேற்றுமொழியில் பிறந்த அவர் நம் சொற்களைத் திறந்து பார்க்கச் சலிக்கவில்லை.

வரும் ஆண்டின் முதல் நற்கருணை அழைப்பிதழைத் தமிழில் அச்சிடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். ஆங்கிலமும் வேண்டுமெனில் மறுபக்கம் இருக்கிறது. பங்குப்பேரவையினர் இதனைத் தம் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்துப் பேசட்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள் ‘புனிதர்களின் சமூக உறவு’ என்னும் பாடத்துக்கு வரும் நாளில் மூனுஸ் என்னும் சொல்லைக் கரும்பலகையில் தமிழெழுத்தில் எழுதி, யார் யாருடைய சுமையை யார் யார் சுமக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிக் கேட்பார்களாயின், அன்று விடை சொல்லவேண்டியவர்கள் பெற்றோர். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும்.